முறிந்த அச்சாணியும் பதினாறு துண்டுகளும்

பட்டறையில் கம்பி வெட்டும் கைநெம்புகோல் வெட்டி ஒன்று இருக்கிறது. நீளக் கைப்பிடியை இழுத்தால் மேல் அலகு இறங்கிக் கம்பியை அறுக்கும். அதன் இணைப்புக் கையைச் சுமக்கும் அச்சாணி ஒரு பக்கம் மட்டும் சட்டத்தில் இறுகியிருக்கும். மறுபக்கம் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். பழைய அச்சாணி சாதாரண மைல்டு ஸ்டீல். பல வருடம் உழைத்து முட்டை வடிவமாகத் தேய்ந்து, லேசாக வளைந்தும் போயிருந்தது. ஆனால் முறியவில்லை. அந்த விஷயத்தை அப்போது நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

நல்ல எஃகில் கடைந்து, கடினமாக்கி மாட்டிவிட்டால் காலத்துக்கும் கிடக்கும் என்று நினைத்தேன். கையில் 4140 என்ற கலப்பு எஃகு உருளைக் கம்பி இருந்தது. 20 மி.மீ. விட்டத்துக்குக் கடைந்து, தோள் (விட்டம் மாறும் படி) எடுத்து, பின்பக்கம் மரை போட்டேன். 860 டிகிரியில் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தேன். பிறகு டெம்பர் போட்டேன், அதாவது மேல்பரப்பில் நீல நிறம் ஏறும்வரை மிதமாக மறுபடி சூடாக்கினேன். பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள், 6 மி.மீ. கம்பி ஒன்றை வெட்டும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம். கைப்பிடி சட்டென்று இளகி நெஞ்சுக்கு வந்தது. அச்சாணி தோள் மூலையில் இரண்டாகக் கிடந்தது. வளைவு இல்லை, இழுபட்ட அடையாளம் இல்லை. இரண்டு துண்டையும் சேர்த்து வைத்தால் உடைந்த தட்டைப் பொருத்துவதுபோல அச்சாகப் பொருந்தியது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். முறிவு முகம் உடைத்த கற்கண்டுபோல மணிமணியாக மின்னியது. உறுதியான எஃகு முறிந்தால் முகம் மங்கலாக, சாம்பல் நிறத்தில், நார் நாராகக் கிழிந்தாற்போல இருக்க வேண்டும். இது அப்படி இல்லை.

நீலம் வரைக்கும் டெம்பர் போடு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் பட்டறையின் மூத்த டர்னர். துண்டை அவரிடம் காட்டினேன்.

“அண்ணே, நீங்க சொன்ன மாதிரிதான் நீலத்துல நிறுத்துனேன்.”

திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நான் சொன்னது ஸ்பிரிங்குக்கு தம்பி. அடி வாங்குற சாமானுக்கு யாரு நீலம் வைக்கச் சொன்னா?”

“ஸ்பிரிங்குக்கு நல்லது இதுக்கு மட்டும் எப்படி ஆகாமப் போகும்?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆகாது.”

அவர் சொன்னது சரிதான். ஏன் சரி என்று தெரிந்துகொள்ளாமல் அடுத்த அச்சாணியைக் கடைவதில்லை என்று முடிவு செய்தேன். இனி எழுதுவது அடுத்த ஐந்து வாரம் நடந்த கதை.

முதலில் ஒரு கணக்கு

இதை அச்சாணி கடைவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும். கைப்பிடியில் சுமார் 400 நியூட்டன் இழுக்கிறேன். நெம்பின் விகிதம் ஏறக்குறைய 25. ஆக, அச்சாணியில் விழும் சுமை 10,000 நியூட்டன். அது தோளிலிருந்து 30 மி.மீ. தள்ளி விழுகிறது. வளைதிருப்பம் 3,00,000 நியூட்டன்-மி.மீ.; 20 மி.மீ. தண்டின் வெட்டுமுகக் குணகம் 785 கன மி.மீ. வகுத்தால் வளைதகைவு சுமார் 380 மெகாபாஸ்கல். சுமை சட்டென்று விழுந்தால் இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொண்டாலும் 760.

நீல டெம்பரில் 4140-இன் இழுவலிமை 1,600 மெகாபாஸ்கலுக்கு மேல். அதாவது வலிமைக் கணக்கில் என் அச்சாணிக்கு இரண்டு மடங்கு மிச்சம் இருந்தது. அப்படியும் முறிந்தது. மைல்டு ஸ்டீல் அச்சாணியோ அதில் கால்வாசி வலிமைகூட இல்லாமல் வருடக்கணக்கில் தாங்கியது. வலிமை போதாமல் போனதால் வந்த வினை அல்ல இது. தோள் மூலையை நான் கூர்மையாக விட்டிருந்தேன். தகைவு அங்கே குவிந்தது. மைல்டு ஸ்டீலாக இருந்தால் அந்த மூலையில் ஒரு துளி நெளிந்து கொடுத்துச் சமாளித்திருக்கும். என் எஃகுக்கு நெளியத் தெரியவில்லை. கீறல் பிறந்த கணமே மறுபக்கம் வரை ஓடிவிட்டது.

கடினம், வலிமை, அடி தாங்கும் குணம் மூன்றையும் ஒரே பொருளாகப் பேசுவது பட்டறைப் பழக்கம். கடினமும் வலிமையும் கைகோத்துத்தான் போகும்; கடினத்தைச் சொல்லும் பிரினெல் எண்ணைச் சுமார் 3.45-ஆல் பெருக்கினால் இழுவலிமை மெகாபாஸ்கலில் வந்துவிடும், அவ்வளவு நெருக்கம். அடி தாங்கும் குணம் வேறு வழியில் போகிறது. அது எவ்வளவு வேறு வழி என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் சோதனைத் துண்டுகள் வெட்டினேன்.

எதற்காக 4140

இந்த எஃகில் கரி (கார்பன்) 0.38 முதல் 0.43 சதவீதம். குரோமியம் 1 சதவீதத்தை ஒட்டி, மாங்கனீசு அதைவிடக் கொஞ்சம் குறைவு, மாலிப்டினம் வெறும் 0.2 சதவீத அளவு. ஈஎன் 19 என்று விற்பதும் ஏறக்குறைய இதே சரக்கு. இவ்வளவு சொற்பக் கலப்பு என்ன செய்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். நானும் நினைத்தேன், அதனால் 0.45 சதவீதக் கரி உள்ள 1045 துண்டு ஒன்றையும் 4140 துண்டு ஒன்றையும் ஒரே 25 மி.மீ. விட்டத்தில் எடுத்து, ஒன்றாகக் காய்ச்சி, ஒன்றாக எண்ணெயில் தோய்த்தேன். பிறகு நடுவில் குறுக்காக, தண்ணீர் ஓடவிட்டு நிதானமாக அறுத்தேன். 1045-இன் நடுவில் சாதா அரம் தாராளமாகக் கடித்தது. 4140-இன் நடுவில் அதே அரம் கண்ணாடிமேல் இழுத்ததுபோல வழுக்கியது.

கலப்பு உலோகங்கள் செய்யும் வேலை இதுதான். உச்சக் கடினத்தைத் தீர்மானிப்பது கரி. குரோமியமும் மாலிப்டினமும் அதை அவ்வளவாக ஏற்றுவதில்லை. காய்ச்சிய எஃகு குளிரும்போது மென்மையான பெர்லைட்டாக மாறிவிடாமல் அவை இழுத்துப் பிடிக்கின்றன. அந்த அவகாசத்தில், மெதுவாகக் குளிரும் நடுப்பகுதியும் மிகக் கடினமான மார்ட்டன்சைட்டாக மாறிவிடுகிறது. எந்த வெப்பத்தில் எத்தனை விநாடிக்குள் எதுவாக மாறும் என்பதை டேவன்போர்ட்டும் பெய்னும் 1930-இல் வரைபடமாகப் போட்டுக் காட்டினார்கள். கடினம் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதை அளக்க, 25 மி.மீ. தடிக் கம்பியின் ஒரு முனையில் மட்டும் தண்ணீர் பீய்ச்சிப் பார்க்கும் ஜோமினி சோதனை 1938-இல் வந்தது. இன்றைக்கும் எஃகு ஆலைகள் அதைத்தான் செய்கின்றன.

இதில் கைக்குக் கிடைக்கும் லாபம், எண்ணெயே போதும் என்பது. தண்ணீரில் தோய்த்தால் 4140 மூலைகளில் வெடிக்கும். ஒரு துண்டை வேண்டுமென்றே தண்ணீரில் போட்டேன். துளை ஓரத்தில் மயிரிழைபோல் ஒரு கீறல் விட்டது. அதற்குமேல் அந்தப் பக்கம் போகவில்லை.

உலையை நம்புவதற்கு முன்

என் சிறிய மின் உலையில் டிகிரி காட்டும் பெட்டி இருக்கிறது. அது காட்டுவது உண்மையா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. உருகுநிலைகளை வைத்துக் கேட்டேன். தூய வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், துத்தநாகம் 419-இல், அலுமினியம் 660-இல், சாப்பாட்டு உப்பு 801-இல். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகையைச் சின்னக் கிண்ணத்தில் வைத்து, ஐந்தைந்து டிகிரியாக ஏற்றி, கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளீயமும் துத்தநாகமும் எண்ணுக்கு நாலைந்து டிகிரிக்குள் உருகின. அலுமினியத்துக்குப் பெட்டி 672 காட்டியது. உப்புக்கு 816. ஆக, உயர்ந்த வெப்பத்தில் என் பெட்டி பதினைந்து டிகிரி அதிகம் சொல்கிறது. 860 வேண்டுமென்றால் 875-இல் வைக்க வேண்டும். அதோடு கதவோரம் உள்ளே இருப்பதைவிட இருபது டிகிரி குளிர்ச்சி. அன்றிலிருந்து துண்டுகளைக் கதவோரம் வைப்பதில்லை.

காந்தம் ஒட்டாமல் போனால் போதும் என்று ஒரு வழக்கு உண்டு. 770 டிகிரி தாண்டினால் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். எஃகில் உள்மாற்றம் தொடங்கிவிட்டால் அதற்கு முன்பே விடும். ஆனால் 4140-க்கு அது வாசற்படி மட்டுமே. கரியும் உலோகமும் சேர்ந்த கார்பைடுகள் கரைந்து கரி எங்கும் பரவ 845 முதல் 870 வரை போய், அங்கே கொஞ்சம் ஊறவும் வேண்டும். 10 மி.மீ. துண்டுக்கு வெப்பம் எட்டியபின் இருபது நிமிடம் கொடுத்தேன்.

தோய்க்கும்போது

எண்ணெயை 50, 60 டிகிரிக்குச் சூடாக்கிக்கொண்டேன். சூட்டில் எண்ணெய் நீர்த்து வேகமாகச் சுழலும். குளிர்ந்த எண்ணெயைவிட நன்றாகவே சூட்டை உறிஞ்சும். துண்டு உள்ளே போனதும் முதல் ஓரிரு விநாடி சத்தமே இருக்காது; எண்ணெய் ஆவி ஒரு போர்வைபோலச் சுற்றிக்கொள்ளும். அது கிழிந்ததும் கொதிப்பு தொடங்கி, குறடு வழியாகக் கையில் நடுக்கம் தெரியும். உண்மையான குளிர்ச்சி அப்போதுதான். மேலும் கீழுமாக ஆட்டினால் போர்வை சீக்கிரம் கிழிகிறது. பக்கவாட்டில் ஆட்டக்கூடாது, ஒரு பக்கம் முந்திக் குளிர்ந்து துண்டு வளையும்.

ஒரு துண்டைக் குறட்டில் சரியாகப் பிடிக்காமல் பாதி முங்கிய நிலையில் இரண்டு விநாடி தடுமாறினேன். எண்ணெய்ப் பரப்பில் தீ முழ உயரத்துக்கு எழுந்தது. முழுக்க முங்கவிட்டு, இரும்பு மூடியைத் தள்ளி மூடினேன், அடங்கிவிட்டது. மூடி கையெட்டும் தூரத்தில் இல்லாமல் இந்த வேலைக்கு இறங்க வேண்டாம். தொட்டி அடியில் தண்ணீர் தங்கியிருக்கவும் கூடாது; அது ஆவியாகிப் பொங்கினால் கொதிக்கும் எண்ணெய் முகத்துக்கு வரும்.

துண்டு கையால் தொட்டுப் பிடிக்கும் சூட்டுக்கு, சுமார் 60 டிகிரிக்கு, இறங்கியதுமே டெம்பர் உலைக்குள் போய்விட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால், தோய்த்த எஃகு உள்ளிறுக்கத்தில் ராத்திரியோடு ராத்திரியாகத் தானே வெடிக்கலாம்.

இந்த இடத்தில் ஒரு முழு நாள் வீணானதையும் சொல்லிவிடுகிறேன். முதல் தொகுதியைத் தோய்த்து அரம் வைத்தேன். கடித்தது. கடினமாகவில்லை என்று நினைத்து மறுபடி காய்ச்சினேன், இம்முறை 900-க்கு. தோய்த்தேன். இன்னும் நன்றாகக் கடித்தது. எண்ணெயைச் சந்தேகப்பட்டேன், உலையைச் சந்தேகப்பட்டேன், கம்பியே 4140 இல்லையோ என்றுகூடப் போய்விட்டேன். கடைசியில் எரிச்சலில் ஒரு துண்டைக் கிரைண்டரில் அரை மி.மீ. தேய்த்துவிட்டு அரம் வைத்தால் வழுக்குகிறது. உள்ளே எல்லாம் சரியாகவே கடினமாகியிருந்தது. திறந்த காற்றில் காய்ச்சியதால் மேல்தோலில் இருந்த கரி எரிந்துபோய், மென்மையான இரும்புத் தோல் ஒன்று போர்த்தியிருந்தது. நான் சோதித்தது எஃகை அல்ல, அந்தத் தோலை. மறுபடி காய்ச்சியது அந்தத் தோலை இன்னும் தடிப்பாக்கியதுதான் மிச்சம். அந்தத் தொகுதியை ஒதுக்கிவிட்டுப் புதிதாக வெட்டினேன். அதற்குப் பிறகு எல்லாத் துண்டும் ஸ்டெயின்லெஸ் தாளில் சுற்றி, உள்ளே ஒரு கரித்துண்டும் வைத்துத்தான் உலைக்குள் போயின.

ஊசல்

அடி தாங்கும் குணத்தை அளக்க ஷார்ப்பி முறை இருக்கிறது. 1901-இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் ஷார்ப்பி செப்பம் செய்த யோசனை. 10 மி.மீ. சதுரம், 55 மி.மீ. நீளத் துண்டு, நடுவில் 2 மி.மீ. ஆழத்துக்கு வி வெட்டு. ஊசலை உயரத்திலிருந்து விட்டு, வெட்டுக்குப் பின்முதுகில் அடிப்பது. துண்டை உடைக்கத் தின்ற ஆற்றல் போக மீதிக்குத்தான் ஊசல் மறுபக்கம் ஏறும். எவ்வளவு குறைவாக ஏறுகிறதோ, துண்டு அவ்வளவு உறுதி.

ஆய்வக எந்திரம் 300 ஜூல் வரை அடிக்கும். என்னுடையது ஐ-பீம் தூணில் இரண்டு பேரிங், 90 செ.மீ. கை, நுனியில் எடைத்தட்டுகள். மொத்தம் 8 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். கிடைமட்டத்திலிருந்து விட்டால் 70 ஜூல். மறுபக்கம் ஏறிய கோணத்தை, கை தள்ளிக்கொண்டு போகும் ஒரு தகரமுள் காட்டும். துண்டில்லாமல் சும்மா விட்டால் 90-க்குப் பதில் 87 டிகிரி ஏறியது; அந்த மூன்று டிகிரி பேரிங்கும் முள்ளும் தின்னும் 4 ஜூலுக்கும் கொஞ்சம் குறைவான ஆற்றல். ஒவ்வொரு கணக்கிலும் அதைக் கழித்துக்கொண்டேன்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். வி வெட்டின் அடியில் 0.25 மி.மீ. ஆரம் இருக்க வேண்டும் என்பது முறை. கடினமாக்கிய பிறகுதான் வெட்டவும் வேண்டும். நான் மென்மையாக இருக்கும்போதே முக்கோண அரத்தால் போட்டேன். ஆகவே என் எண்களை வேறெவர் எண்ணோடும் ஒப்பிடக் கூடாது. என் துண்டுகளுக்குள் ஒன்றுக்கொன்று ஒப்பிடலாம், அவ்வளவுதான்.

பதினாறு துண்டுகள். ஏழு டெம்பர் வெப்பத்துக்கு இரண்டிரண்டாகப் பதினான்கு, டெம்பரே போடாதது ஒன்று, மெதுவாகக் குளிரவைக்க ஒன்று. 250 டிகிரிக்கு ஒதுக்கியதில் ஒன்று தோய்க்கும்போதே வெட்டின் அடியில் வெடித்துவிட்டது. எல்லாவற்றுக்கும் டெம்பர் ஒரு மணி நேரம். கடினத்தை அறிமுகமான ஒருவரின் ராக்வெல் எந்திரத்தில் பார்த்துக்கொண்டேன்.

அடித்த நாள்

டெம்பர் போடாத துண்டில் தொடங்கினேன். ராக்வெல் சி 58. ஊசல் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. 83 டிகிரி ஏறியது. 5 ஜூல். துண்டின் ஒரு பாதி சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு வலை கட்டிக்கொண்டேன்.

200 டிகிரி டெம்பர், கடினம் 54. முள் 75-இல் நின்றது. 15 ஜூல். மற்றதும் கிட்டத்தட்ட அதே. மூன்று மடங்கு! கடினத்தில் நாலு புள்ளிதான் போயிருக்கிறது. இந்தப் போக்கில் போனால் 300-இல் இன்னும் நன்றாக இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

250-இல் மிஞ்சிய ஒரே துண்டு: முள் 77. 12 ஜூல். இறங்கியிருக்கிறது. ஒரே துண்டு என்பதால் நம்பவில்லை.

300 டிகிரி, என் அச்சாணியின் அதே நீலம். கடினம் 51. முள் 80-க்கு ஏறியது. அடுத்த துண்டு 79. ஒன்பது, பத்து ஜூல். முள்ளை ஆட்டிப் பார்த்தேன், பேரிங்கைச் சுழற்றிப் பார்த்தேன், சும்மா ஒருமுறை விட்டு 87 வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. அந்த உயரத்தில் ஒரு டிகிரிக்கு 1.2 ஜூல்; 200-க்கும் 300-க்கும் இடையில் நாலைந்து டிகிரி வித்தியாசம். கருவிப் பிழை என்று தள்ள முடியாது. கடினத்தையும் விட்டுக்கொடுத்து, அடி தாங்குவதையும் இழந்திருக்கிறேன். முறிவு முகத்தை லென்ஸில் பார்த்தேன். அதே கற்கண்டு.

350-இல் கடினம் 48, 11 ஜூல். திரும்ப ஏற ஆரம்பிக்கிறது. 425-இல் கடினம் 45, முள் 64, 62. அதாவது 27, 29 ஜூல். 540-இல் கடினம் 36. ஊசல் துண்டின்மேல் விழுந்த சத்தமே வேறு; ‘டிக்’ இல்லை, ‘தொப்’. முள் 16 டிகிரியோடு நின்றுவிட்டது, இன்னொன்றில் 22. அறுபதுக்கு மேல் ஜூல். முகம் சாம்பல் நிறம், ஓரங்களில் உதடுபோலப் பிதுங்கியிருந்தது. 620-இல் கடினம் 31, ஊசல் நின்றேவிட்டது. துண்டு முறியாமல் கொக்கிபோல வளைந்து தாங்கிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. சுத்தியலால் தட்டித்தான் எடுத்தேன்.

300-இல் என்ன நடக்கிறது

தோய்த்தவுடன் கிடைக்கும் மார்ட்டன்சைட்டில் கரி அணுக்கள் வெளியேற வழியின்றி படிகத்துக்குள் நெருக்குண்டு கிடக்கின்றன. கடினத்துக்கும் நொறுங்கும் குணத்துக்கும் அதுவே காரணம். 200 டிகிரியில் கரி கொஞ்சம் வெளிவந்து, கண்ணுக்கெட்டாத மிகப் பொடிக் கார்பைடுகளாக உள்ளேயே சிதறி உட்கார்கிறது. இறுக்கம் தளர்கிறது, கடினம் பெரிதாகக் குறைவதில்லை. அதுதான் அந்த 15 ஜூல்.

250-இலிருந்து 400 வரை வேறு கதை. மார்ட்டன்சைட்டுப் பட்டைகளுக்கு இடையில் மாறாமல் தங்கிய ஆஸ்டினைட் (காய்ச்சிய சூட்டில் எஃகு இருக்கும் வடிவம்) மெல்லிய ஏடாக ஒட்டியிருக்கும். இந்த வெப்பத்தில் அது சிதைகிறது. இரும்புக் கார்பைடான சிமென்டைட் புள்ளியாக விழாமல், பட்டையோரமும் பழைய மணியெல்லையும் (படிக மணிகள் ஒன்றையொன்று தொடும் இடம்) பார்த்துத் தகடுபோலப் படிகிறது. எஃகில் கொஞ்சம் பாஸ்பரஸ் இருந்தால் அதுவும் அந்த மணியெல்லையில் ஏற்கெனவே குடியேறியிருக்கும். செங்கல் நன்றாகவே இருக்கிறது, சாந்து கெட்டுவிட்டது என்று சொல்லலாம். கீறல் செங்கலை விட்டுவிட்டுச் சாந்து வழியே ஓடுகிறது. நான் பார்த்த கற்கண்டு அந்தச் செங்கல்களின் முகம்தான்.

400-ஐத் தாண்டினால் அந்தத் தகடுகள் உருண்டு திரண்டு தனித்தனி மணிகளாகிவிடுகின்றன. கீறலுக்குத் தொடர்ச்சியான பாதை இல்லை. கரிமட்டும் உள்ள எஃகு இந்த வெப்பத்தில் மெழுகாக இளகிவிடும். குரோமியமும் மாலிப்டினமும் கார்பைடு பெருப்பதைத் தடுத்து, 540-இலும் 36 புள்ளி கடினத்தைப் பிடித்து வைக்கின்றன. தோய்க்கும்போது ஆழம் கொடுத்த அதே கலப்பு இங்கே இரண்டாவது முறை கூலி கொடுக்கிறது.

ஸ்பிரிங்குக்கு நீலம் ஏன் ஆகிறது என்ற என் கேள்விக்கும் இதில் பதில் இருந்தது. மெல்லிய ஸ்பிரிங் தகட்டில் கூர்மூலை இல்லை, திடீர் அடி இல்லை. வழவழப்பான பரப்பு நிதானமாக வளைகிறது. அங்கே தேவை உயர்ந்த நெகிழ்வெல்லை, அதாவது நிரந்தரமாக வளைந்துவிடாமல் தாங்கும் எல்லை; அதை நீலம் தருகிறது. வெட்டும் அடியும் சேர்ந்தால்தான் சாயம் வெளுக்கும். சிலிக்கனைக் கூட்டினால், அடி தாங்கும் குணம் இறங்கும் இந்தப் பள்ளமே மேல் வெப்பத்துக்குத் தள்ளிப்போகும். விமானத் தரையிறங்கு கால்களுக்குப் பயன்படும் 300எம் எஃகில் 1.6 சதவீதம் சிலிக்கன் வைத்திருப்பது அதற்காகத்தான். அதை 300 டிகிரியில் தைரியமாக டெம்பர் போடுகிறார்கள். 4140-க்கு அந்தச் சலுகை இல்லை.

நிறத்தை நம்புவதும் தப்பு. வைக்கோல் மஞ்சள் 220-ஐ ஒட்டி, பழுப்பு 250, ஊதா 280, நீலம் 300 என்று பட்டியல் இருக்கிறது. அது மேல்தோல் ஆக்சைடின் தடிப்பு மட்டுமே. 240-இல் இரண்டு மணி நேரம் வைத்தால் நிறம் அடுத்த படிக்குப் போய்விடும். உள்ளே நடந்தது நிறத்துக்குத் தெரியாது.

மெதுவாகக் குளிரவைத்த அந்த ஒற்றைத் துண்டு பற்றி: இன்னொரு வகை நொறுங்கல் உண்டு. 375 முதல் 575 வரையான வெப்பத்தில் நெடுநேரம் வைத்தாலோ, அதன் வழியாக மெல்லக் குளிர்ந்தாலோ பாஸ்பரஸ், வெள்ளீயம், ஆன்டிமணி போன்றவை மணியெல்லைக்கு நகர்ந்து அதைப் பலவீனமாக்கும். 600-க்கு மேல் மறுபடி சூடேற்றி வேகமாகக் குளிர்வித்தால் சரியாகிவிடும். 300 டிகிரிக் கோளாறு வேறு; மேல் வெப்பத்தில் டெம்பர் போட்டு அதைப் போக்கிவிட்டால், மறுபடி 300-இல் வைத்தாலும் திரும்ப வராது. 540-இல் வைத்த துண்டை உலையிலேயே ராத்திரி முழுக்க ஆறவிட்டு அடித்தேன். 60 ஜூல். வித்தியாசம் என் கருவியின் பிழைக்குள்ளேயே அடங்கிவிட்டது. 4140-இல் இருக்கும் மாலிப்டினம் இதைத்தான் தடுக்கிறது. தவிர, அறை வெப்பத்தில் மறைந்திருந்து குளிரில் மட்டும் வெளிப்படவும் கூடிய நோய் இது. ஒரு துண்டை வைத்து இல்லை என்று தீர்ப்பு எழுத மாட்டேன். டெம்பர் முடிந்ததும் எண்ணெயில் போட்டுக் குளிரவைக்க ஒரு செலவும் இல்லை, அப்படியே செய்கிறேன்.

இரண்டாவது அச்சாணி

540 டிகிரி, ஒன்றரை மணி நேரம், பிறகு எண்ணெயில் குளிரவைத்தேன். கடினம் 36, இழுவலிமை 1,100 மெகாபாஸ்கலுக்குச் சற்று மேல். 760-க்கு அது போதும். தோள் மூலைக்கு 2 மி.மீ. ஆரம் கொடுத்தேன், அதற்கு இடம்விட இணைப்புக் கையின் துளை ஓரத்தைச் சரித்தேன். முதல் அச்சாணி முறிந்ததில் மூலைக்குப் பாதிப் பங்கு, நீலத்துக்குப் பாதிப் பங்கு என்று நினைக்கிறேன். மூலையை மட்டும் சரிசெய்து நீலத்தை விட்டிருந்தால் ஒருவேளை ஒரு வருடம் ஓடியிருக்கும். அது இன்னும் மோசம். அதற்குள் எல்லோரும் அதை நம்பிக் குனிந்து வேலை செய்யப் பழகியிருப்பார்கள்.

மரை, தோள் எல்லாம் அளவுக்கு 0.4 மி.மீ. கூட வைத்துக் காய்ச்சி, டெம்பருக்குப் பிறகு கடைந்து அளவுக்குக் கொண்டுவந்தேன். 36 புள்ளியில் கார்பைடு உளி தாராளமாக வெட்டுகிறது. கரி எரிந்த தோலும் போய்விட்டது, 0.1 மி.மீ. வளைவும் போய்விட்டது. கடினமாக்கிய பிறகு கடைய முடியாது என்பதே டெம்பரைக் குறைத்து வைத்தவர்களின் கவலை. எனக்கு அது இல்லாமல் போனது.

தேய்மானம்தான் பாக்கி. 36 புள்ளி எஃகு 51 புள்ளியைப்போல உராய்வைத் தாங்காது. ஐந்து மாதத்துக்குப் பிறகு மைக்ரோமீட்டரில் பார்த்தேன்; இணைப்புக் கை உரசும் இடத்தில் 0.04 மி.மீ. போயிருக்கிறது. கையின் துளையைப் பெரிதாக்கி வெண்கலப் புஷ் ஒன்று ஏற்றி, கிரீஸ் குழி வெட்டிவிட்டால் தேய்வது புஷ்ஷாக இருக்கும், மாற்றுவதும் சுலபம். வெண்கலத் துண்டு மேசைமேல் கிடக்கிறது. அண்ணன் அதைக் கடைந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். கூடவே, கொக்கிபோல வளைந்த அந்த 620 டிகிரித் துண்டை எடுத்துக்கொண்டு போய் ஆணியடித்துத் தன் சட்டை மாட்டிக்கொண்டிருக்கிறார்.